வீடியோ மேல் வரைந்து கார்ட்டூன் செய்வது: எந்த வழி, எந்தக் கருவி?

என் அத்தை கை முறுக்கு சுற்றுகிற 20 விநாடி வீடியோ ஒன்று என்னிடம் இருக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவைக் கிள்ளிப் பிடித்து, முறுக்கிக்கொண்டே வட்டமாகத் துணியில் இறக்கிக்கொண்டு போகும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் வீடியோவில் அந்த விரல்கள் தனியாகத் தெரியவில்லை. பின்னால் சிலிண்டர், ஓரத்தில் எண்ணெய் டின், குறுக்கே போகிற யாரோ ஒருவரின் கால் என்று எல்லாம் சேர்ந்து கண்ணை இழுக்கின்றன. அதனால் அதன் மேல் ஃபிரேம் ஃபிரேமாக வரைந்து, விரலும் மாவும் மட்டும் இருக்கிற ஒரு சின்ன கார்ட்டூனாக மாற்றலாம் என்று முடிவு செய்தேன். கற்பனையில் இதை வரைய முடியாது என்பதும் ஒரு காரணம். 3 சுத்து முறுக்கில் மணிக்கட்டு எங்கே திரும்புகிறது, எந்த இடத்தில் விரல் மாவை விட்டுவிட்டு மறுபடி பிடிக்கிறது என்பதெல்லாம் அத்தையின் கைக்குத்தான் தெரியும்.

ஆரம்பித்தபோது எந்த வழியில் போவது, எதில் வரைவது என்று தீர்மானிக்கவே பல வாரம் ஆகிவிட்டது. தமிழில் இதைப் பற்றி விவரமாக யாராவது எழுதியிருந்தால் அந்த வாரங்கள் மிச்சமாகியிருக்கும், அதனால்தான் நானே எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு ரோட்டோஸ்கோப்பிங் என்று பெயர். அமெரிக்காவில் மாக்ஸ் ஃப்ளைஷர் 1915இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1917இல் கிடைத்தது. எடுத்த படச்சுருளை ஒரு நேரத்துக்கு ஒரு ஃபிரேம் என்று கண்ணாடிப் பலகையில் விழ வைத்து, அதன் மேல் தாளை வைத்து வரைகிற ஏற்பாடு அது. அவருடைய தம்பி டேவ் கோமாளி உடையில் ஆடியதைப் படம் எடுத்து, அதன் மேல் வரைந்துதான் கோகோ என்கிற கோமாளியை உருவாக்கினார்கள். கண்ணாடிப் பலகை இருந்த இடத்தில் இன்று நமக்கு, கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வரைகிற லேயர் இருக்கிறது, மற்றபடி வேலை அதே வேலைதான்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். சென்னையில் விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோக்களில் ‘ரோட்டோ ஆர்ட்டிஸ்ட்’ என்று சொன்னால் அது வேறு வேலை. நடிகரின் உருவத்தைச் சுற்றி ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு போட்டு வெட்டி எடுத்து, பின்னணியை மாற்றுவதற்குத் தயார் செய்வது அது. பெயர் ஃப்ளைஷரிடமிருந்து வந்ததுதான், ஆனால் அதற்கான சில்ஹவுட், மோக்கா, நியூக் போன்ற மென்பொருள்கள் கார்ட்டூன் வரைய உதவாது. ‘ரோட்டோ’ என்று தேடி, அந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டு, வரைவதற்கு எதுவுமே சொல்லித்தரவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம்.

எத்தனை படம் வரையப் போகிறீர்கள்?

எந்த மென்பொருள் என்று கேட்பதற்கு முன்னால் இதைத் தாளில் எழுதிப் பாருங்கள், ஏனென்றால் மற்ற எல்லாத் தீர்மானமும் இந்த ஒரு எண்ணைப் பிடித்துத்தான் நிற்கிறது. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். 20 விநாடிக்கு 480. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதிதாக வரைந்தால் 480 படம், ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் (இதை ‘ஆன் டூஸ்’ என்பார்கள்) 240, மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினால் 160. ஒரு படத்துக்கு 6 நிமிடம் என்று வைத்தால் 48 மணி நேரம், 24 மணி நேரம், 16 மணி நேரம். இது கோடு மட்டும். வண்ணம் நிரப்புவதற்கு இன்னொரு பாதியாவது சேர்த்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் உட்காருகிற ஆளுக்கு 48க்கும் 16க்கும் உள்ள வித்தியாசம் ஒரு மாதத்துக்கு மேல்.

24தான் தரம், 12 மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். வான் கோவின் வாழ்க்கையை முழுக்க எண்ணெய் ஓவியங்களாகவே தீட்டிய 2017ஆம் ஆண்டுப் படம் விநாடிக்கு 12 ஓவியம்தான், அதுவே மொத்தம் 65,000 ஃபிரேம் ஆனது. என் கண்ணுக்கு வீடியோ மேல் ட்ரேஸ் செய்யும்போது 12தான் 24ஐ விட நன்றாகவும் இருக்கிறது. 24இல் கை நடுக்கம் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக வந்து கோடுகள் கொதிக்கிற மாதிரி தெரியும், 12இல் கண் ஒரு படத்தைப் பார்த்து முடிக்க நேரம் கிடைக்கிறது. 8 என்பது நடை, பேச்சு, மெதுவான கை அசைவுக்குப் போதும். வேகமான அசைவில் மட்டும் உடைந்து தெரியும், அந்த இடத்தில் மட்டும் கூட்டிக்கொள்ளலாம்.

இப்போது வீடியோவின் ஃபிரேம் கணக்கு. இங்கேதான் எனக்குப் பெரிய அடி விழுந்தது. முதல் வீடியோவை போனில் சாதாரணமாக எடுத்தேன். போன்கள் பெரும்பாலும் 30 ஃபிரேமில் எடுக்கும், அதையும் ஒரே சீராக எடுக்காது. வெளிச்சம் குறைந்தால் ஃபிரேம்களுக்கு இடையிலான நேரத்தைத் தானாகக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இது தெரியாமல் அப்படியே உள்ளே இழுத்து 90 படம் வரைந்த பிறகு, ஒலியைச் சேர்த்துப் பார்த்தால் அத்தையின் வளையல் சத்தம் ஓரிடத்தில், கை இன்னோரிடத்தில். அந்த 90 படத்தையும் விட வேண்டியதாயிற்று. ஹேண்ட்பிரேக் என்கிற இலவச மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து முதலிலேயே மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் வீடியோ 30 ஃபிரேம் என்றால் அதை 15ஆகவோ 10ஆகவோ குறையுங்கள், 12ஆகக் குறைக்காதீர்கள். 30ஐ 12ஆக்கினால் ஒரு தடவை இரண்டு ஃபிரேம், அடுத்த தடவை மூன்று ஃபிரேம் என்று தாவும், அசைவு நொண்டும். 24இல் எடுத்திருந்தால் 12 அல்லது 8. இன்னும் எடுக்கவில்லை என்றால் போனின் புரோ மோடில் 24 வைத்து எடுங்கள். ஷட்டரை 1/100 விநாடியில் வையுங்கள்: அதைவிட மெதுவாக வைத்தால் விரல் மங்கலாகிக் கோடு எங்கே போடுவது என்றே தெரியாது, அதைவிட வேகமாக வைத்தால் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரிகிற சில விளக்குகளின் கீழ் படம் மினுக்கும். பகல் வெளிச்சம் கிடைத்தால் இந்தக் கவலை இல்லை. ஸ்டாண்டில் வைத்து எடுங்கள். நான் இரண்டாவது தடவை இப்படி எடுத்ததைத்தான் இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன்.

அப்படியே வரைவதா, பார்த்து வரைவதா, பாதியை விட்டுவிடுவதா?

வீடியோ மேல் வரைவதில் மூன்று வழி இருக்கிறது. மூன்றின் பலனும் உழைப்பும் வெவ்வேறு.

முதல் வழி, கோட்டுக்குக் கோடு ட்ரேஸ் எடுப்பது. இதில் அசைவு உயிரோடு வரும், கையின் எடைகூடத் தெரியும். ஆனால் முகம் மாட்டிக்கொள்ளும். சின்ன முகத்தில் கண்ணின் கோடு ஒரு முடியளவு நகர்ந்தாலும் ஆள் மாறிப்போன மாதிரி இருக்கும், அடுத்த ஃபிரேமில் மறுபடி வேறு ஆள். சேலை மடிப்பு இன்னும் மோசம். வீடியோவில் தெரிகிற ஒவ்வொரு மடிப்பையும் வரைந்தால் உடம்பு முழுக்கப் புழு ஊர்கிற மாதிரி ஆகிவிடும். ட்ரேஸ் எடுப்பதில் திறமை எதை வரைவது என்பதில் இல்லை, எதை விடுவது என்பதில் இருக்கிறது. முதல் படத்தை வரையும்போதே முடிவு செய்துவிடுங்கள்: சேலையில் 3 மடிப்பு, கையில் 2 வளையல், விரலில் நகம் கிடையாது. அதைத் தனியாக ஒரு தாளில் வரைந்து எதிரே ஒட்டிக்கொண்டு, 240 படத்திலும் அதையே பின்பற்றுங்கள்.

இரண்டாவது வழி, வீடியோவைப் பார்த்துப் போஸை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் கார்ட்டூன் உருவத்தை அதன்படி அசைப்பது. 1930களில் டிஸ்னி ஸ்டூடியோவில் நடிகர்களைப் படம் எடுத்து அந்த ஃபிரேம்களைத் தாளில் பிரதி எடுத்துக் கொடுத்தபோது, நேராக ட்ரேஸ் எடுத்தால் உருவம் விறைப்பாக, உயிர் இல்லாமல் வருகிறது என்று அங்கிருந்தவர்கள் கண்டார்கள். அதனால் முக்கிய போஸ்களைப் பிடித்து, அதைக் கொஞ்சம் மிகைப்படுத்தி வரையும் பழக்கத்துக்கு வந்தார்கள். பெரிய தலை, குட்டிக் கை என்று உங்கள் உருவம் வீடியோவில் இருக்கிற ஆளின் அளவுக்குப் பொருந்தாது என்றால் உங்களுக்கு இந்த வழிதான். வீடியோவிலிருந்து எடுக்க வேண்டிய படங்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறையும். ஆனால் வரையத் தெரிந்திருக்க வேண்டும், இடைப்பட்ட படங்களை நீங்களே யோசிக்க வேண்டும். இதுவரை அனிமேஷன் செய்ததே இல்லை என்றால் இதில் ஆரம்பிக்கச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, வீடியோவை அப்படியே தெரிய விட்டு அதன் மேல் கார்ட்டூன் பொருட்களை மட்டும் வரைவது. தெருவில் நடக்கிற உண்மையான ஆளுக்குப் பின்னால் வரைந்த பூனை ஓடுவது, பையனின் கையிலிருந்து வரைந்த பொறி பறப்பது மாதிரி. உழைப்பு மிகக் குறைவு, சில விநாடி வேலையை ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். ஆனால் கேமரா ஆடினால் பூனை தரையில் வழுக்கிக்கொண்டே போகும், அதைச் சரிசெய்ய, கேமராவின் அசைவைப் பின்தொடர்ந்து படத்தை ஒட்டவைக்கிற ட்ராக்கிங் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், பின்னணி இல்லாமல் வெறும் வரைபடத்தை மட்டும் வெளியே எடுத்து டாவின்சி ரிசால்வ் மாதிரி ஒரு எடிட்டிங் மென்பொருளில் வீடியோவோடு சேர்க்க வேண்டும். எம்பி4ஆக எடுத்தால் பின்னணி ஒளி ஊடுருவும் தன்மை போய்விடும், பிஎன்ஜி படங்களாக எடுங்கள்.

நான் முதல் வழியை எடுத்துக்கொண்டேன். அதிலும் முகத்தைப் படத்துக்கு வெளியே விட்டுவிட்டேன், முழங்கைக்குக் கீழே மட்டும். அத்தைக்கு இதில் கொஞ்சம் வருத்தம். ஆனால் அந்த 20 விநாடியில் பார்க்க வேண்டியது கைதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

முறுக்கு ஒரு நல்ல விஷயமும் செய்தது. துணியில் இறக்கிய மாவு அசையாது. அதனால் விரல், முறுக்கு, பின்னணி என்று மூன்று லேயர் வைத்தேன். பின்னணி ஒரே படம், முறுக்கில் புதிதாக விழுகிற துண்டை மட்டும் ஒவ்வொரு தடவையும் சேர்க்கிறேன், விரலை மட்டும்தான் முழுதாக வரைகிறேன். ஒரு படம் 4 நிமிடத்தில் முடிகிறது. உங்கள் வீடியோவிலும் எது அசையவில்லை என்று முதலில் தேடுங்கள்.

எதில் வரைவது?

லேப்டாப்போ கம்ப்யூட்டரோ இருந்தால் நான் கை காட்டுவது கிரிட்டா. இலவசம், ஓப்பன் சோர்ஸ். பிரஷ்கள் மிக நன்றாக இருக்கும், கோடு நடுங்காமல் பிடித்துக்கொள்ளும் ஸ்டெபிலைசர் இருக்கிறது, முந்தைய, அடுத்த படங்களை மங்கலாகக் காட்டுகிற ஆனியன் ஸ்கின் இருக்கிறது, வீடியோவை நேராக உள்ளே எடுத்து ஒவ்வொரு ஃபிரேமையும் டைம்லைனில் வரிசையாக வைத்துக்கொடுக்கும். அந்த லேயரின் ஒப்பாசிட்டியை 40 சதவீதத்துக்குக் குறைத்து, பூட்டு போட்டுவிட்டு, மேலே புது லேயரில் வரைய வேண்டியதுதான்.

அதன் பலவீனம் மெமரி. 1920க்கு 1080 அளவில் ஒரு ஃபிரேம் சுருக்காமல் சுமார் 8 எம்பி, 480 ஃபிரேம் கிட்டத்தட்ட 4 ஜிபி. இது வீடியோ லேயர் மட்டும். 8 ஜிபி லேப்டாப்பில் இழுக்கும்போது திணறும், ஓட்டிப் பார்த்தால் தடுக்கித் தடுக்கி ஓடும். இதற்காக நான் வீடியோவை 5 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஃபைல் வைத்திருக்கிறேன். ஒரு துண்டுக்கு 120 ஃபிரேம், சுமார் 1 ஜிபி, இது தாங்குகிறது. 12 ஃபிரேமாகவே குறைத்து உள்ளே எடுத்தால் இன்னும் பாதி ஆகும், ஆனால் வேகமான இடத்தில் 24ஆகக் கூட்ட முடியாது. ட்ரேஸ் எடுப்பதற்கு வீடியோ முழுத் தெளிவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதால் 1280க்கு 720 வைத்தாலும் போதும்.

பிளெண்டர் என்கிற 3டி மென்பொருளில் இருக்கிற, கையால் வரைவதற்கான கிரீஸ் பென்சில் இரண்டாவது. இதுவும் இலவசம். 2024 நவம்பரில் வந்த 4.3 பதிப்பில் இந்தப் பகுதியை முழுதாகத் திருத்தி எழுதினார்கள். வீடியோவை கேமராவின் பின்னணியாக வைத்து அதன் முன் வரையலாம். இங்கே நீங்கள் போடுகிற கோடு பிக்சல் கிடையாது, புள்ளிகளால் ஆன கோடு. அதனால் முந்தைய படத்தை நகலெடுத்து, ஸ்கல்ப்ட் கருவியால் கோடுகளைத் தள்ளி அடுத்த போஸுக்குக் கொண்டுபோகலாம், மறுபடி வரையவே வேண்டாம். கோடுகள் கொதிக்கிற பிரச்சினை இதில் வெகுவாகக் குறைகிறது, இது சின்ன விஷயம் இல்லை. கேமரா நகர்கிற வீடியோ என்றால் அதை ட்ராக் செய்து, வரைந்த பூனையைத் தெருவில் நிற்க வைக்கும் வேலையையும் இங்கேயே முடிக்கலாம். மேலே சொன்ன மூன்றாவது வழிக்கு இதுதான் சரியான இடம்.

ஆனால் பிளெண்டரைத் திறந்த முதல் நாள் எதை அழுத்துவது என்றே தெரியாது. ஆப்ஜெக்ட் மோட், டிரா மோட், எடிட் மோட் என்று மாறி மாறிப் போக வேண்டும், வண்ணத்துக்கு மெட்டீரியல் என்கிற கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வாரம் பழகுவதற்கு ஒதுக்க முடியும் என்றால் போங்கள். எனக்குப் பென்சில் கோட்டின் சொரசொரப்பு வேண்டியிருந்தது, அது கிரிட்டாவில்தான் மனதுக்குப் பிடித்த மாதிரி வந்தது. சுத்தமான, மொழுமொழு கார்ட்டூன் கோடு வேண்டும் என்பவர்களுக்கு பிளெண்டர் ஒரு படி மேல் என்றே சொல்வேன்.

ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு புரோகிரியேட் டிரீம்ஸ். 2023 நவம்பரில் வந்தது, ஒரே தடவை பணம், மாதச் சந்தா இல்லை. புரோகிரியேட்டில் ஏற்கெனவே வரைந்து பழகிய கை என்றால் பிரஷ்கள் எல்லாம் பழக்கமானவையாக இருக்கும். வீடியோவை ஒரு தடத்தில் போட்டு, மேலே ஃபிளிப்புக் திறந்து வரையலாம். வரையும் சுகம் என்று பார்த்தால் நான் தொட்டதிலேயே இதுதான் முதல் இடம், ஒரு நண்பரின் ஐபேடில் 3 விநாடி வரைந்தேன், நேரம் போனதே தெரியவில்லை. ஆனால் இதற்காக ஐபேடும் தனியாக ஆப்பிள் பென்சிலும் வாங்குவது என்றால், அந்தப் பணத்தை 20 விநாடி படத்துக்காகச் செலவு செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அதே ஐபேடிலும், ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும், கம்ப்யூட்டரிலும் ஓடுகிற இன்னொன்று ரஃப் அனிமேட்டர். அதிகம் பேர் பேசாத ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. விலை குறைவு, ஒரே தடவை கட்டினால் போதும். வீடியோவை லேயராக எடுத்துக்கொள்ளும், ஒவ்வொரு படமும் எத்தனை ஃபிரேம் நிற்க வேண்டும் என்பதை டைம்லைனில் விரலால் இழுத்தே மாற்றலாம், அதாவது டூஸிலிருந்து த்ரீஸுக்கு மாறுவது ஒரு இழுப்பு. பிரஷ் மிக எளிமையானது, அலங்காரம் எதுவும் இல்லை. அந்த எளிமையால்தான் சாதாரண டேப்லெட்டிலும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. சாம்சங் டேப் எஸ்6 லைட் மாதிரி பேனா பெட்டியிலேயே வருகிற டேப்லெட் வீட்டில் இருந்தால், வேறு எதுவும் வாங்காமல் இதில் ஆரம்பித்துவிடலாம். கோட்டை இங்கே முடித்து, வண்ணத்தை கிரிட்டாவில் போடுகிற மாதிரி பிரித்துக்கொள்வதும் நடைமுறையில் நன்றாக இருக்கிறது.

போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஃபிளிப்பாகிளிப். விரலாலேயே வரையலாம், பள்ளிப் பிள்ளைகள்கூட ஒரு மணி நேரத்தில் பழகிக்கொள்வார்கள். இலவசப் பதிப்பில் படத்தின் மேல் அவர்கள் முத்திரை விழும், பல வசதிகள் பணம் கட்டினால்தான் திறக்கும். சின்னத் திரையில் உங்கள் விரலே நீங்கள் ட்ரேஸ் எடுக்கும் விரலை மறைத்துவிடும் என்பதுதான் உண்மையான கஷ்டம். 3 விநாடி, 5 விநாடி பழகுவதற்கு நல்லது, 20 விநாடி செய்தால் கழுத்து வலிக்கும்.

போட்டோஷாப் ஏற்கெனவே சந்தா கட்டி வைத்திருக்கிறீர்கள் என்றால் அதிலும் முடியும். வீடியோவைத் திறந்து, மேலே ‘பிளாங்க் வீடியோ லேயர்’ போட்டு ஃபிரேம் ஃபிரேமாக வரையலாம். டைம்லைன் ஷார்ட்கட்களை நாமே போய்த் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஃபிரேமுக்குப் போக ஒவ்வொரு தடவையும் மவுஸைத் தேட வேண்டியிருக்கும். இதற்காகப் புதிதாகச் சந்தா கட்ட வேண்டாம். டிவிபெயின்ட், டூன்பூம் ஹார்மனி இரண்டும் ஸ்டூடியோக்காரர்களுக்கானவை, அந்த வேலைக்குப் போக நினைப்பவர்கள் பழகட்டும். ஓப்பன்டூன்ஸ் இலவசம், ஜிப்லி ஸ்டூடியோ பயன்படுத்திய டூன்ஸிலிருந்து 2016இல் திறந்துவிடப்பட்டது. ஆசையாகப் போனேன், ஆனால் எனக்கு ஒட்டவில்லை.

தாளில் வரைவதையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதைச் சிலர் உடனே தள்ளிவிடுகிறார்கள். ஃபிரேம்களைப் படங்களாகப் பிரித்து, ஏ4 தாளில் நான்கு நான்காக இளநீல நிறத்தில் பிரின்ட் எடுத்து, அந்தப் பிரின்ட் மேலேயே கறுப்புப் பென்சிலால் வரையலாம். ஸ்கேன் செய்த பிறகு நீல சேனலை மட்டும் வைத்துக்கொண்டால் இளநீலம் வெள்ளையாகிவிடும், பென்சில் கோடு மட்டும் நிற்கும். 240 ஃபிரேமுக்கு 60 தாள்தான். நான்கு மூலையிலும் கூட்டல் குறி வைத்து பிரின்ட் எடுங்கள், ஸ்கேன் செய்ததை அதை வைத்துத்தான் ஒன்றோடொன்று பொருத்த முடியும். பென்சில் கோட்டின் அழகு வேறு எதிலும் வராது. ஆனால் ஓட்டிப் பார்த்துத் திருத்துவது என்பது இதில் கடைசியில்தான் நடக்கும், அதுவரை நம்பிக்கையோடு வரைய வேண்டும். 1985இல் வந்த நார்வே இசைக்குழு ஆ-ஹாவின் பென்சில் ஓவிய வீடியோவைப் பார்த்து ஆசைப்பட்டு இதில் இறங்குகிறவர்கள், அதற்குச் சுமார் 3,000 ஃபிரேமும் 16 வாரமும் ஆனது என்பதையும் மனதில் வையுங்கள். அதையும் இப்படி வரைந்து பழகிய கைகள்தான் செய்தன.

கம்ப்யூட்டரே வரைந்தால்?

எப்சின்த் என்று ஒன்று இருக்கிறது. ஒரு ஃபிரேமை மட்டும் நீங்கள் தீட்டிக் கொடுத்தால், வீடியோவின் அசைவைப் பின்பற்றி அந்த வண்ணப்பூச்சை மற்ற ஃபிரேம்களுக்கும் நகர்த்தும். மெதுவாகத் திரும்புகிற முகம், காற்றில் ஆடுகிற துணி, இவற்றுக்கு ஆச்சரியமாக இருக்கும். விரல் விரலை மறைக்கிற இடத்தில், முன்பு தெரியாத ஒரு பக்கம் புதிதாகத் தெரிகிற இடத்தில் குழைந்துவிடும், ஏனென்றால் அந்தப் பக்கம் நீங்கள் தீட்டிய படத்தில் இல்லவே இல்லை. கை முறுக்கில் ஒவ்வொரு அரை விநாடிக்கும் இது நடக்கிறது. நான்கைந்து ஃபிரேமுக்கு ஒரு தடவை புதிதாகத் தீட்டிக் கொடுத்தால் சரியாகும், அப்படிச் செய்வதற்குப் பதில் நானே வரைந்துவிடலாம்.

வீடியோவைக் கொடுத்தால் மொத்தமாகக் கார்ட்டூனாக மாற்றித் தருகிற ஏஐ கருவிகளையும் பலர் கேட்கிறார்கள். ஒரு பிறந்தநாள் வீடியோவுக்கு ஃபில்டர் மாதிரி வேண்டும் என்றால் அதையே பயன்படுத்துங்கள், அதில் தப்பே இல்லை. எனக்கு அது ஒத்துவரவில்லை. சிலிண்டரையும் எண்ணெய் டின்னையும் அது அழகாக வரைந்து கொடுத்தது. விரல் மாவை விடுகிற அந்த இடத்தை அது வரையவில்லை, விடாமல் பிடித்திருக்கிற மாதிரி வழுவழுவென்று ஓட்டிவிட்டது. நான் வரைய நினைத்ததே அந்த இடத்தைத்தான்.

கம்ப்யூட்டரோடு இணைத்து வரைகிற பேனா டேப்லெட் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணமாக வரைவதற்குத் திரை இல்லாத விலை குறைந்த டேப்லெட் போதும் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். ட்ரேஸ் எடுப்பதற்கு மட்டும் திரை உள்ளது நிஜமாகவே வித்தியாசம் காட்டுகிறது, கோட்டின் மேலேயே பேனா முனையை வைக்க வேண்டியிருப்பதால். ஆனாலும் திரை இல்லாததில் ஒரு வாரம் விடாமல் வரைந்தால் கை பழகிவிடும், நான் அதில்தான் செய்கிறேன்.

யாருடைய வீடியோ என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சினிமாக் காட்சி மேல் வரைந்தாலும் அந்தக் காட்சியின் உரிமை தயாரிப்பாளருடையதுதான், கோடாக மாறிவிட்டதால் அது உங்களுடையது ஆகிவிடாது. இந்தியாவில் திரைப்படத்துக்குப் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. படத்தின் காலம் முடிந்திருந்தாலும் அதில் வருகிற பாட்டுக்குத் தனிக் கணக்கு, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் இறந்த பிறகு 60 ஆண்டு. நாமே எடுத்த வீடியோ என்றால் இந்தத் தலைவலி இல்லை, அதில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் ராத்திரியே முழு வீடியோவில் கை வைக்காமல், நடுவிலிருந்து கஷ்டமான 2 விநாடியை வெட்டி எடுத்து, 24 படம், கோடும் வண்ணமும் ஒலியும் சேர்த்து எக்ஸ்போர்ட் வரை கொண்டுபோய்ப் பாருங்கள். ஃபிரேம் கணக்கு தப்பு, மெமரி போதவில்லை, வளையல் சத்தம் தள்ளிப்போகிறது என்பதெல்லாம் அந்த 24 படத்திலேயே தெரிந்துவிடும். நான் முதல் தடவை அப்படிச் செய்திருந்தால் அந்த 90 படம் போயிருக்காது.

இப்போது 131ஆவது படத்தில் இருக்கிறேன், இரண்டாவது சுத்து முடிகிற இடம். மூன்றாவது சுத்தில் அத்தையின் கை வேகம் எடுக்கிறது, 12இல் வரைந்து ஓட்டிப் பார்த்தேன், விரல் தாவுகிறது. அந்த ஒன்றரை விநாடியை மட்டும் 24இல் வரையப் போகிறேன், கூடுதலாக 18 படம்.